பொருத்தம் பார்ப்பவர்

இங்கிலாந்தின் சஃபோக் பக்கம் கோதுமை அறுப்பு முடிந்தால் போதும், தாள் நிற்கும் வயல்களில் மெட்டல் டிடெக்டரும் கையுமாக ஆட்கள் இறங்கிவிடுவார்கள். நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும். புதையல் அகப்பட்டால், 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 நாளுக்குள் கொரோனர் என்ற விசாரணை அதிகாரியின் அலுவலகத்தில் சொல்லிவிட வேண்டும். இதே சஃபோக்கில் 1992இல் ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப் போனவருக்கு ஏறக்குறைய 15,000 ரோமானிய நாணயங்கள் கிடைத்தன. சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அந்த ஊரில் இனி யார் வீட்டில் சுத்தியல் தொலைந்தாலும் பெண்டாட்டி திட்ட முடியாது.

நம் ஆளும் இந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். ஆனால் வயலில் தேடினால் கிடைக்க மாட்டார். வண்டிகள் நிற்கும் இடத்தில், எவனாவது டிக்கியைத் திறந்துவைத்து, டிடெக்டரின் அடியில் தட்டு மாதிரி இருக்கும் காயிலைப் பழசாக விற்றுக்கொண்டிருந்தால், அவன் எதிரே நிற்பார்.

"எந்த மெஷினோடது?"

"எல்லாத்துக்கும் போடலாம்."

"அப்ப எதோடதுன்னு உங்களுக்கே தெரியாது."

பிளக் உள்ளே போகிறது, திருகினால் இறுகுகிறது என்று காட்டி அவரை மடக்க முடியாது. அந்தத் தட்டுக்குள் இரண்டு சுற்றுகள் இருக்கின்றன. ஒன்று அலையை அனுப்பும், மற்றது கேட்கும். பக்கத்தில் உலோகம் இல்லாதபோது கேட்கும் சுற்றுக்கு அநேகமாக எதுவுமே கேட்கக் கூடாது. அப்படி அளந்து உட்காரவைத்துப் பிசின் ஊற்றியிருப்பார்கள். அந்தக் கணக்கு மெஷினுக்கு மெஷின் வேறு. மாற்றி மாட்டினால் சிலது வாயே திறக்காது, சிலது வாயை மூடாது.

பெயர்ப் பொருத்தம் மட்டும் பார்த்துப் பெண் எடுக்கிறவர்கள் ஏமாறும் இடம் மைன்லேப் கம்பெனியின் எக்ஸ்-டெர்ரா. பழைய எக்ஸ்-டெர்ரா 705க்கு 3, 7.5, 18.75 கிலோஹெர்ட்ஸ் என்று மூன்று ரகக் காயில்கள் உண்டு. பின்னால் வந்த எக்ஸ்-டெர்ரா ப்ரோவுக்கு அதில் ஒன்றும் ஆகாது. அதற்குச் சேருவது அதே கம்பெனியின் எக்வினாக்ஸ் மெஷினுடைய காயில். இதைச் சொல்லும்போது நம் ஆளின் முகத்தில் ஒரு பூரிப்பு தெரியும். புதையலே கிடைத்தால்கூட அப்படி வருமா என்பது சந்தேகம்.

எக்ஸ்பி கம்பெனியின் டியூஸ் மெஷின் காயில் என்றால் இன்னும் குஷி. அதற்கு வயரே கிடையாது. பேட்டரியும் மின்சுற்றும் காயிலுக்குள்ளேயே. சீரியல் நம்பரைக் கொடுத்துத்தான் ரிமோட்டோடு சேர்க்க வேண்டும். ஸ்டிக்கர் அழிந்திருந்தால் அவர் விலையைக்கூடக் கேட்க மாட்டார்.

அப்புறம் உடம்புப் பரிசோதனை. அடிமூடியைக் கழற்றி, உள்ளே அப்பியிருக்கும் மண்ணை ஊதிவிட்டு, ஓரத்து விளிம்பில் நகத்தை ஓட்டுவார். மயிரிழை விரிசல் போதும், தண்ணீர் இறங்கிவிடும். வயர் காயிலுக்குள் நுழையும் இடத்தைத் துணி பிழிகிற மாதிரி முறுக்காமல், மெல்ல இப்படியும் அப்படியும் வளைப்பார். கடைசியில் தன் வண்டியிலிருந்து மெஷினை எடுத்து வந்து மாட்டி, காயிலை விரல் முட்டியால் தட்டுவார். தட்டியதற்கே சத்தம் போட்டால் உள்ளே ஏதோ ஆடுகிறது என்று அர்த்தம்.

ஒருமுறை தட்டாமலே அலறியது. விற்பவர் முகம் செத்துவிட்டது. நம் ஆள் நிதானமாகக் குனிந்து பார்த்தார். இரும்பு முனை வைத்த பூட்ஸ். அவருடையதுதான்.

"காயில் நல்ல காயில்," என்று தீர்ப்புச் சொன்னார். "என் மெஷினுக்கு ஏற்கனவே இருக்கு."

ஒரு மணி நேரம் போனதே என்று விற்பவர் பல்லைக் கடித்தார். அதற்குள் பின்னால் நின்று வேடிக்கை பார்த்த பெரியவர் பேரம்கூடப் பேசாமல் பணத்தை நீட்டினார். எப்போதும் இதுதான் நடக்கிறது. நம் ஆள் கைவைத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்ற காயில் அன்றைக்கே விற்றுப்போகும். அவர் பார்க்காத காயிலுக்கு எவ்வளவு சொன்னாலும் கிராக்கி இல்லை.

பழைய காயில் வாங்குகிற எண்ணம் இருந்தால் உங்கள் டிடெக்டரைக் கையோடு எடுத்துப் போய், விற்பவர் முன்னாலேயே மாட்டிப் பாருங்கள். நம் ஆளையும் கூட்டிப்போவதாக இருந்தால் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.