தமிழிக் கல்வெட்டும் தனி அலுவலரும்

புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசலில், ஏழடிப்பட்டக் குகையின் சமணப் படுக்கையை யாருக்காக யார் செய்துகொடுத்தார் என்று தமிழி எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். டெண்டர் இல்லை, தீர்மானம் இல்லை, வேலை முடிந்தது.

இன்று ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியம், மாவட்டம் என்று மேலே போனால் கட்சி வந்துவிடும். அங்கே தலைவரைக் கவுன்சிலர்கள் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுப்பார்கள். 11.1.2020 அன்று நடந்த அந்தத் தேர்தலில், புதுக்கோட்டை மாவட்ட ஊராட்சியில் உறுப்பினர் பலம் திமுக கூட்டணிக்கு, நாற்காலி அதிமுகவுக்கு! கூட்டல் மட்டும் படித்தவர்கள் விழித்தார்கள்.

அப்புறம் தார்ச்சாலை கேட்டுப் போனால், குழி எவ்வளவு ஆழம் என்றா கேட்பார்கள்? கவுன்சிலர் எந்தப் பக்கம் என்பார்கள். 5.1.2025-இல் கவுன்சிலர்களின் பதவிக்காலமும் முடிந்தது. தனி அலுவலர் வந்தார். கூட்டணிக் குழப்பம் அடியோடு ஒழிந்தது. குடிநீர் மோட்டார் ஓடவில்லை என்று திட்டத்தான் ஆளில்லாமல் போனது.