மூன்று நல்ல ரயர்கள்

சென்ற ஐப்பசி மாதத்தில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்கு அண்மையில் கூரை வேலை செய்துகொண்டிருந்த யாரோ ஒரு புண்ணியவான் வீதியிலே தவறவிட்ட இரண்டங்குல ஆணியொன்று, அவ்வழியே அன்று போன நூற்றுக்கணக்கான வாகனங்களையெல்லாம் விட்டுவிட்டு, என் காரின் பின்பக்க வலச் சில்லையே தேடிப் பிடித்து, அதிலும் ஒட்டுப் போடக்கூடிய நடுப்பாகத்தை விலக்கி, எந்த மெக்கானிக்கும் கைவைக்க மறுக்கும் விலாப்புறத்தில் ஏறி அமர்ந்துகொண்டது. ஆணிக்கும் கிரகபலன் உண்டென்பது என் அபிப்பிராயம்.

ஒரு ரயர் போனால் ஒரு ரயர் வாங்குவது என்ற எளிய சித்தாந்தத்தில் வளர்ந்தவன் நான். யாழ்ப்பாணத்தில் என் தாய்மாமன் வைத்திருந்த ஒஸ்ரின் ஏ40 காரின் நாலு சில்லும் நாலு தேசத்துப் பிரஜைகள்: ஒன்று புதிது, ஒன்று மொட்டை, ஒன்று உள்ளே வேறொரு ரயர்த் துண்டை வைத்து மானங்காத்தது, நாலாவதைப் பற்றி மாமா பேச விரும்புவதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோலை முகர்ந்து பார்க்க மட்டும் கொடுத்துவிட்டு மண்ணெண்ணெயைக் குடிக்கவைத்தே ஓட்டப்பட்ட அந்த வாகனம், பத்துப் பேரையும் அவர்களுடைய வாழைக்குலைகளையும் சுமந்துகொண்டு சாவகச்சேரிச் சந்தைக்குப் போய்வந்த நாட்களில், தன் சில்லுகளுக்குள்ளே ஏற்றத்தாழ்வு இருக்கிறதென்று ஒருபோதும் முறையிட்டதில்லை. அதில் உழைத்தவை பின்சில்லு இரண்டும்தாம். முன்னவை இரண்டும் சும்மா உடன்போயின என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஆகவே கராஜுக்குப் போய், "தம்பி, ஒரு ரயர் போட்டுவிடும்" என்றேன். கரவெட்டிப் பக்கத்துப் பொடியன், மரியாதை தெரிந்தவன். குந்தியிருந்து, மற்ற மூன்று ரயர்களின் பள்ளங்களிலும் ஒரு சின்னக் கோலை விட்டுப் பார்த்தான்.

"அண்ணை, மற்ற மூண்டும் பாதி தேஞ்சு போச்சு. இது ஓல் வீல் ட்ரைவ் எல்லே. நாலையும் மாத்த வேணும்."

"போனது ஒண்டுதானே?"

"போனது ஒண்டுதான். மாத்திறது நாலு."

வீட்டில் ஒருவனுக்குக் காய்ச்சலென்றால் நாலு பேருக்கும் ஊசி போடுகிற இந்த வைத்தியத்தின் நியாயத்தை அவன் எண்ணெய் படிந்த அட்டைத் துண்டொன்றில் எழுதிக் காட்டினான். என் காரின் சில்லு, ரயரும் சேர்த்து, ஏறத்தாழ 702 மில்லிமீற்றர் விட்டமுடையது, பரிதி 2.2 மீற்றர், ஒரு கிலோமீற்றர் போவதற்கு அது 454 முறை சுற்றவேண்டும். புது ரயரில் பள்ளத்தின் ஆழம் 8 மில்லிமீற்றர், என்னுடையவற்றில் 4; அந்த 4 விட்டத்தில் 8 ஆகிவிடுவதால், தேய்ந்த சில்லு அதே கிலோமீற்றருக்கு 459 முறை சுற்றுகிறது. ஐந்து சுற்றுத்தானே என்று அலட்சியமாகச் சொன்னேன். மொன்றியலில் இருக்கும் மகளிடம் ஒருமுறை போனால் 500 கிலோமீற்றருக்கு மேல். அதாவது 2,500 சுற்று. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, எண்ணெயில் ஊறிய மெல்லிய தட்டுகள் சில அடுக்காக இருக்கின்றனவாம். வளைவில் திரும்பும்போது முன்னும் பின்னும் சுற்றுவதில் உண்டாகும் வித்தியாசத்தைச் சற்றே வழுக்கிச் சமாளித்துவிட்டுப் பின்னர் இளைப்பாறுவதே அவற்றின் தொழில். சில்லுகள் அளவில் மாறுபட்டாலோ, நேர் வீதியிலும் அவற்றுக்கு ஓய்வில்லை. வழுக்கி வழுக்கிச் சூடேறிக் கருகிவிடும். அந்த உறுப்பை மாற்றும் செலவை அவன் சொன்னபோது, ரயரின் விலை எனக்குத் தர்மவிலையாகத் தோன்றியது.

நாலு சில்லும் உழைக்கும் பெற்றோல் காரை முதன்முதல் செய்தவர்கள் ஒல்லாந்து தேசத்து ஸ்பைக்கர் சகோதரர்கள் என்றும், ஆண்டு 1903 என்றும் பிற்பாடு வாசித்தேன். 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தவர்களும் ஒல்லாந்தரே. ஆக, எனக்கும் அவர்களுக்கும் தீர்க்கவேண்டிய கணக்கு இரண்டாயிற்று.

"வேறை வழி இல்லையோ?"

"இருக்கு அண்ணை. ஒரு புது ரயரை வாங்கி, மிசினிலை குடுத்து, மற்ற மூண்டின்ரை அளவுக்குச் சீவலாம். சீவுகூலி தனி."

புது வேட்டி ஒன்றை வாங்கி, வீட்டிலுள்ள பழைய வேட்டிகளுக்குத் தோதாக நையும்வரை கல்லில் அறைந்து தரும்படி கூலியும் கொடுக்கிற வழக்கம் எங்கள் பரம்பரையில் இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

வந்தபின் காரின் கையேட்டை எடுத்து வாசித்தேன். நாலு சில்லின் பரிதியிலும் உள்ள வித்தியாசம் கால் அங்குலத்துக்கு மேற்படலாகாதென்று அதில் கண்டிருந்தது. கால் அங்குலமென்றால் ஏறக்குறைய 6 மில்லிமீற்றர்; தேய்மானத்தில் பார்த்தால் வெறும் ஒரு மில்லிமீற்றர். பொடியன் கோலால் பார்த்தது பிழையாகவும் இருக்கலாமென்ற நப்பாசையில், மனைவியின் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். நாடாவின் நீளம் 150 சென்ரிமீற்றர். சில்லின் பரிதி 220. ஆகையால் நூற்கயிற்றைச் சில்லைச் சுற்றிப் பிடித்து, நகத்தால் அடையாளமிட்டு, கராஜ் கதவடியில் நீட்டிவைத்து, நாடாவால் இரண்டு தவணையாக அளந்தேன். முதன்முறை 218 வந்தது. அதே சில்லை மறுபடி அளந்தபோது 219 வந்தது. மூன்றாம் முறை கயிறு ஈரமாகிவிட்டபடியால் 221. ஒரே சில்லு தனக்குத்தானே 30 மில்லிமீற்றர் வேறுபட்டு நிற்க, இன்னொன்றோடு அதை ஒப்பிடுவது அறிவீனமெனக் கண்டு நிமிர்ந்தபோது, எதிர்வீட்டுச் சீனக் கிழவர் சன்னலருகே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்.

அப்போதுதான் எனக்கொரு யுக்தி உதித்தது. பனிக்கால ரயர் எப்படியும் வேண்டும். கியூபெக்கில் பதிந்த கார்களுக்கு மார்கழி 1 முதல் பங்குனி 15 வரை அது கட்டாயமென்ற சட்டம், ஒன்ராறியோக்காரனாகிய என்னைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், மகளின் சட்டம் கட்டுப்படுத்தும். பாவித்த நாலு சில்லை ரயரோடு சேர்த்து மலிவாக வாங்கிப் பூட்டிவிட்டால், இந்தத் தொல்லையைச் சித்திரைவரை ஒத்திவைக்கலாம் அல்லவா?

ரயரின் அளவை எழுதும் முறையே விசித்திரமானது. 225/60 ஆர் 17 என்பதில், 225 என்பது மில்லிமீற்றரில் அகலம். 60 என்பது அந்த அகலத்தில் எத்தனை வீதம் உயரம் என்பது. 17 என்பது அங்குலத்தில் றிம்மின் விட்டம். ஒரே சாதகக் குறிப்பில் பெண்ணின் வயதை ஆண்டிலும், உயரத்தை முழத்திலும், சீதனத்தைப் பரப்பிலும் எழுதினாற்போல. நடுவிலுள்ள 'ஆர்' என்பது ரேடியல் ரயரைக் குறிப்பது. அதனால் எனக்கு உபத்திரவம் ஒன்றும் நேரவில்லை.

விற்க வந்தவருடைய காரும் என் காரும் ஒரே பெயருடையவை. அவருடையது 2016, என்னுடையது 2019. ரயரிலும் அதே 225/60 ஆர் 17. துளை அதிலும் ஐந்து, இதிலும் ஐந்து. 300 டொலரை எண்ணிக் கொடுத்து, பின்னாசனத்தில் அடுக்கிக்கொண்டு, நேரே பொடியனிடம் சென்றேன். அவன் ஒன்றைத் தூக்கி அச்சில் வைத்தான். ஒரு போல்ட் துளைக்குள் போனது. மற்ற நாலும் போக மறுத்தன. ஐந்து துளைகளின் நடுப்புள்ளிகளையும் தொட்டு ஒரு வட்டம் வரைந்தால், அதன் விட்டம் பழைய காரில் 100 மில்லிமீற்றராம். என் காரில் 114.3. இந்த 114.3 என்பது நாலரை அங்குலம். மில்லிமீற்றர் வேஷம் கட்டி வந்திருக்கிறது.

"அப்ப றிம்மை விடும். ரயரைக் கழட்டி என்ரை றிம்மிலை போடும்" என்றேன், நிதானத்தை இழக்காமல்.

அவன் ஒன்றும் பேசாமல் ரயரின் விலாவைத் துடைத்து, அங்கே நீள்வட்டத்துக்குள் இருந்த நாலிலக்கத்தைக் காட்டினான்: 0916. செய்யப்பட்டது 2016 ஆம் ஆண்டின் ஒன்பதாம் வாரம். ரப்பரில் எறும்பு ஊர்ந்தாற்போல மெல்லிய வெடிப்புகள் ஓடின. நகத்தால் அழுத்திப் பார்த்தேன், கருங்காலி.

நாலு புதிய ரயர் பூட்டிக்கொண்டு வீடு திரும்பினேன். கார் நன்றாக ஓடுகிறது. முன்பும் நன்றாகத்தான் ஓடியது.

இதை வாசிப்பவர்களில், 100 மில்லிமீற்றர் வட்டத்தில் ஐந்து துளையுள்ள பதினேழங்குல றிம் வேண்டியவர் எவரேனும் இருப்பின், எங்கள் நிலவறையில் நாலு இருக்கின்றன. விலை பேசித் தீர்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் 4 மில்லிமீற்றர் ஆழத்தோடு மூன்று நல்ல ரயர்களும் உள. அவற்றை மட்டும் பிரித்துக் கொடுப்பதற்கில்லை.