நேரடி உற்பத்தியாளர் தேடும் அக்கா

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸின் மேலே இருக்கும் கோடுகள் புள்ளிகளாகிவிடும் அளவுக்கு ஒருவர் சேலைப் படம் போட்டால், அவர்தான் ரீசெல்லர் அக்கா. வீட்டு லோன், மாமியார் சண்டை, சர்க்கரை அளவு எல்லாவற்றையும் கேட்காமலே சொல்லுவார். "சரக்கு எங்கக்கா எடுக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. "நமக்குத் தெரிஞ்ச தறிக்காரர்தான்" என்பார். அடுத்த வாக்கியம் மழையைப் பற்றியதாக இருக்கும்.

அந்தத் தறிக்காரரை அக்காவும் இன்னும் பார்த்ததில்லை. அக்காவுக்குப் படம் அனுப்புகிறவரின் குழுவுக்கு 'நேரடி உற்பத்தியாளர்' என்று பெயர். அந்த உற்பத்தியாளருக்கும் இன்னொரு நேரடி உற்பத்தியாளர் படம் அனுப்புகிறார். சேலை சூரத் குடோனை விட்டு அசைவதே இல்லை. படம்தான் ஊர் ஊராகப் போய், ஆளுக்கு ஐம்பது ரூபாய் ஏற்றிக்கொண்டு வருகிறது. அக்காவின் வேலை, படத்தில் இருக்கும் போன் நம்பரை வெட்டிவிட்டு மேலே அனுப்புவது. அவசரத்தில் சில நாள் 'ரீசெல்லர் விலை 480' என்ற வரியும் சேர்ந்தே போய்விடும். பிறகு குழு முழுக்க 'இந்த மெசேஜ் நீக்கப்பட்டது' மட்டும் நிற்கும்.

ஒருநாள் அதே சேலை எதிர்வீட்டுப் பெண்ணின் ஸ்டேட்டஸில் நூறு ரூபாய் குறைவாக வந்தது. அன்று அக்கா வீட்டில் ஓட்டல் சாப்பாடு.

மறுவாரம் உற்பத்தியாளரைத் தேடி நேரிலேயே கிளம்பிவிட்டார். ஈரோடு கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை திங்கள் ராத்திரியே சூடு பிடித்துவிடும். அங்கே மூட்டைக் கணக்கில் பேசுகிறவர்கள் நடுவில் நின்று "மாடலுக்கு ஒண்ணு கிடைக்குமா?" என்றார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திருப்பூர் காதர்பேட்டையில் பதிலாவது கிடைத்தது: "செட்டாதாம்மா. எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல். செட்டு உடைக்க மாட்டோம்." ஊர் திரும்பியதும் எல் சைஸ் ஒரே நாளில் போய்விட்டது. எம் இன்னும் பீரோவில் இருக்கிறது. அக்காவின் மகள் வளர்ந்துகொண்டிருக்கிறாள்.

கடைசியில் சேலம் பக்கம் இளம்பிள்ளை. தறிச் சத்தம் கேட்டதும் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டதாம். உள்ளே போனால் முதலாளி யூடியூப் லைவில் நின்றுகொண்டிருக்கிறார்: "சிங்கிள் பீஸும் ஹோல்சேல் விலைதான்!" கமெண்டில் புக் செய்துகொண்டிருந்தவர்களில் நாலைந்து பேர் அக்காவின் வாடிக்கையாளர்கள்.

தொழில் படுத்துவிடும் என்று நினைத்தீர்களா? இல்லை. லைவில் வாங்க முழுப் பணத்தையும் முன்னாலேயே போட வேண்டும். பார்சல் பிரிக்கிற வீடியோ இல்லாவிட்டால் டேமேஜுக்குப் பொறுப்பில்லை. அக்காவிடமோ வீடு தேடிப் போய்ச் சேலையை மேலே வைத்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், சம்பளம் வந்ததும் தரலாம். அந்த ஐம்பது ரூபாய் இதற்குத்தான். என் கணக்கில் அது குறைவு.

ஆகவே அக்காவிடம் பாக்கி வைத்திருப்பவர்கள் ஐந்தாம் தேதிக்குள் ஜிபேயில் போட்டுவிடுங்கள். அவர் முன்பணம் கட்டினால்தான் அங்கே பார்சல் கிளம்பும்.