ஃபிட்னஸ் அண்ணன்

ஃபிட்னஸ் அண்ணன் என்பவர் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில், கம்பெனி பஸ்ஸின் பின்சீட்டில் உட்கார்ந்து வரும் உடல் எடை ஆலோசகர். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். லைன் லீடர், குவாலிட்டி இன்ஸ்பெக்டர், மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் என்று ஏதாவது ஒரு பதவி. சொந்த எடை எண்பத்தைந்து கிலோவுக்குக் கீழே இறங்கியதாகத் தகவல் இல்லை. ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை, கேட்காதவர்களுக்கும் வழங்குகிறார்.

இந்த வகை உருவாவதற்குக் கால் நூற்றாண்டு ஆயிற்று. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்தது. கண்ணாடி, டயர், செல்போன், லாரி, மோட்டார் சைக்கிள் என்று மற்றவையும் வந்து சேர்ந்தன. ஐ.டி.ஐ. முடித்த கையோடு இருபத்தெட்டு இன்ச் பேன்ட்டில் ட்ரெய்னியாக நுழைந்த பையன், வாசலில் பஸ், உள்ளே கேன்டீன், வேலைக்கு நடுவே டீ என்று பதினைந்து வருடம் கழித்து முப்பத்தெட்டு இன்ச்சில் அண்ணனாக நிற்கிறான். யூனிஃபார்ம் தைக்க அளவெடுக்க வரும் டெய்லர்தான் முதலில் செய்தி சொல்பவர். அண்ணன் தனி ஆள் அல்ல. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஆண்களில் 37 சதவீதமும் பெண்களில் 40 சதவீதமும் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள்.

வேலையில் இவர் கெட்டிக்காரர். ஒரு போல்ட் முறுக்கம் குறைந்து வந்தால் லைனை நிறுத்துவார். டொயோட்டா பாணியில் ஐந்து முறை ‘ஏன்’ கேட்டு, கோளாறு டார்க் ரெஞ்சின் காலிபரேஷனில்தான் என்று பிடிக்காமல் விடமாட்டார். டேட்டா இல்லாமல் வாய் திறக்கும் ஆபரேட்டரை மீட்டிங்கிலேயே உட்கார வைத்துவிடுவார். தொப்பை விஷயத்தில் மட்டும் இந்தக் கறார் எல்லாம் லாக்கருக்குள் போய்விடுகிறது. அங்கே ஒரு ‘ஏன்’ கூடக் கிடையாது. “எங்க தெருவுல ஒருத்தரு மூணே மாசத்துல பதினெட்டு கிலோ எறக்கிட்டாரு” என்பது போதுமான டேட்டா.

இவருடைய கொள்கைகளில் மூத்தது வியர்வை. அக்கினி நட்சத்திரத்தில், ஜெர்கினை ஜிப்போடு மாட்டிக்கொண்டு சர்வீஸ் ரோட்டில் ஓடுவதுதான் இவர் கண்ட உயர்ந்த பயிற்சி. “கொழுப்பு உருகி ஊத்துது பாரு தம்பி” என்பார். ஊற்றுவது தண்ணீரும் உப்பும். உடல் எரிக்கும் கொழுப்பின் பெரும்பகுதி மூச்சுக்காற்றில் கரியமில வாயுவாக வெளியேறுகிறது. பத்து கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ மூச்சு வழியாகப் போகும், 1.6 கிலோதான் தண்ணீராகும் என்று 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை கணக்குப் போட்டுக் காட்டியது. ஓடி முடித்ததும் மிஷினில் குறையும் அரைக் கிலோ, ஒரு சொம்பு தண்ணீர் குடித்ததும் வீடு திரும்பிவிடும். வியர்வைக் கொள்கைக்கு எதிரான உயிருள்ள சாட்சி பரோட்டா மாஸ்டர். கல்லுக்கு முன்னால் தினமும் ஆறு மணி நேரம் வியர்வையில் குளிக்கிறார், தொப்பை அசைந்தபாடில்லை. அண்ணன் தினமும் அவரை நேரில் பார்த்தும் கொள்கையை மாற்றவில்லை.

இரண்டாவது கொள்கை, கொழுப்பு இருக்கும் இடத்தில் குத்தினால் அந்த இடத்தில் மட்டும் கரையும் என்பது. இதற்காகத்தான் வயிற்றில் அதிரும் பெல்ட்டும், விடுதி மொட்டை மாடியில் சிட்-அப்பும். 1984-இல் ஓர் ஆய்வில் பதின்மூன்று ஆண்கள் இருபத்தேழு நாளில் ஆளுக்கு 5,004 சிட்-அப் எடுத்தார்கள். வயிற்றுக் கொழுப்பணுக்கள் எவ்வளவு சுருங்கினவோ, முதுகிலும் பிட்டத்திலும் அதே அளவுதான் சுருங்கியிருந்தன. அதற்கும் முன்பு, 1971-இல், டென்னிஸ் வீரர்களின் இரண்டு கைகளையும் அளந்து பார்த்தார்கள். வருடக்கணக்கில் மட்டை வீசிய கையில் தசை கூடியிருந்தது. தோலுக்கடியில் உள்ள கொழுப்பு இரண்டு கையிலும் ஒன்றுபோலவே இருந்தது. எங்கிருந்து எடுப்பது என்பது பரம்பரையும் ஹார்மோனும் பேசி முடிக்கும் விவகாரம். பலருக்கு முகம்தான் முதலில் வற்றும். அதனால்தான் ஒழுங்காக உடம்பைக் குறைத்தவரைப் பார்த்து ஊரில் யாரும் பாராட்டுவதில்லை, “சுகர் வந்துடுச்சா?” என்றுதான் கேட்கிறார்கள்.

பத்தாயிரம் அடி என்பது செல்போன் வந்த பிறகு சேர்ந்த கொள்கை. தொள்ளாயிரத்துச் சொச்சம் பாக்கியிருந்தால் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போனை ஆட்டி நிரப்பிக்கொள்வதும் உண்டு. அந்த எண் எந்த மருத்துவமனையிலும் பிறக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு வருடம், 1965-இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடையளவுக் கருவி ஒன்றின் விளம்பர எண் அது. வயதான பெண்களை வைத்து 2019-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், சுமார் 7,500 அடிக்கு மேல் நடந்தும் ஆயுள் கணக்கில் கூடுதல் லாபம் தெரியவில்லை. நடப்பது நல்லதுதான்; பிரஷர், சுகர், தூக்கம் எல்லாவற்றுக்கும் உதவும். ஆனால் அண்ணன் நடப்பது அதற்காக அல்ல, பரோட்டாவுக்கு அனுமதிச் சீட்டு வாங்க. அவர் எடைக்கு ஒரு கிலோமீட்டர் நடந்தால் ஏறக்குறைய அறுபது கலோரி செலவாகும். எண்ணெய் குடித்த ஒரு பரோட்டா சுமார் 250. மூன்று பரோட்டாவுக்கு ஒரகடம் ஜங்ஷனில் கிளம்பி ஸ்ரீபெரும்புதூர் வரை நடந்தாக வேண்டும். சால்னா தனிக் கணக்கு.

சாப்பாட்டுக் கொள்கைகளில் ராத்திரிச் சப்பாத்திதான் தலைமை. சோறு குண்டாக்கும், சப்பாத்தி இளைக்கவைக்கும். கோதுமை மாவோ அரிசியோ, நூறு கிராமுக்கு 320 முதல் 360 கலோரிக்குள்தான் இரண்டும். அண்ணனுடைய ஐந்து சப்பாத்தியும் குருமாவும் சோற்றை எளிதாக முந்திவிடும். காலையில் வெந்நீரில் கலக்கும் தேன், மேசைக்கரண்டிக்கு அறுபது கலோரி. அதைக் குடித்துக் கொழுப்பு கரைந்ததாக வரலாறு இல்லை. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியைப் பஸ்ஸில் வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்கலாம். கொள்ளு நல்ல பயறு. நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் புரதம், வயிறும் நிறையும். ஆனால் குதிரைக்குக் கொள்ளு வைத்தவர்கள் குதிரை இளைக்கட்டும் என்று வைக்கவில்லை.

“நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை பாக்கறேன், எனக்கு ஏன் ஏறுது?” என்று ஏதாவதொரு ஆபரேட்டர் கேட்டுவிட்டால் அண்ணன் ஒரு நிமிடம் திணறுவார். கேள்வி நியாயமானது. தான்சானியாவின் ஹட்சா மக்கள் இன்றும் வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழ்பவர்கள். அவர்கள் நாளொன்றுக்குச் செலவிடும் சக்தியை அளந்து 2012-இல் வெளியிட்டபோது, உடலளவைக் கணக்கில் எடுத்தால் நகரத்து ஆட்களின் செலவும் ஏறக்குறைய அதுவாகவே இருந்தது. அதிகம் உழைத்தால் உடல் வேறு எங்காவது சிக்கனம் பிடித்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

போல்ட்டுக்குப் போட்ட ஐந்து ‘ஏன்’களைத் தொப்பைக்கும் போட்டுப் பார்க்கலாம். தொப்பை ஏன்? செலவை விட வரவு அதிகம். வரவு ஏன் அதிகம்? நைட் ஷிஃப்ட்டில் மூன்று மணிக்கு இரண்டு போண்டா, விடியும்வரை ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. அந்த நேரத்தில் ஏன் அவ்வளவு பசி? தூக்கம் குறைந்தால் பசி கூடும். ஆய்வுகளிலும் ஷிஃப்ட் தொழிலாளிகளிடம் எடை அதிகமாகவே தெரிகிறது. தூக்கம் ஏன் குறைந்தது? பகலில், தகரக் கூரைக்குக் கீழே, அடுத்த வீட்டு மிக்ஸி சத்தத்தில் யாரால் எட்டு மணி நேரம் தூங்க முடியும்? பகலில் ஏன் தூங்க வேண்டும்? நோட்டீஸ் போர்டில் ஒட்டிய ஷிஃப்ட் பட்டியல் அப்படி. ஐந்தாவது ‘ஏன்’ ஹெச்.ஆர். கதவில் போய் முட்டுகிறது. அண்ணன் முதல் ‘ஏன்’னையே கேட்காமல் ஜெர்கினை மாட்டிக்கொள்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

கிளை வகைகள் சில உண்டு. ஜிம் தம்பி புரத மாவு டப்பாவோடு திரிவார். ஜிம்மை நிறுத்தினால் மசில் எல்லாம் கொழுப்பாக மாறிவிடும் என்று எச்சரிப்பார். தசை வேறு திசு, கொழுப்பு வேறு திசு, ஒன்று மற்றொன்றாவதில்லை. எலக்ட்ரானிக்ஸ் ஆலைப் பெண்களிடம், வெயிட் தூக்கினால் ஆம்பளை உடம்பு வந்துவிடும் என்று சொல்பவரும் இவரே. பெண்ணுடலில் டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவு. அப்படி ஓர் உடம்பு தானாக வந்துவிடாது. ஷேக் பவுடர் விற்கும் அண்ணன் முற்றிலும் வேறு இனம். அவரிடம் கொள்கை இல்லை, டார்கெட்தான்.

அண்ணனின் வருடாந்திரச் சோதனை கம்பெனி மருத்துவ அறையில் நடக்கும். இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23-இலேயே அதிக எடை, 25-இல் பருமன் என்று 2009-இல் இந்திய மருத்துவர்கள் வரையறுத்தார்கள். 168 செ.மீ. உயரத்துக்கு எண்பத்தைந்து கிலோ என்றால் 30 வரும். “எனக்கு எலும்பு கனம் சிஸ்டர்” என்பார். எலும்புக்கூடு மொத்த எடையில் சுமார் 15 சதவீதம்தான் என்பதை நர்ஸ் சொல்வதில்லை. வரிசையில் இன்னும் நாற்பது பேர். போன வருடம் சேஃப்டி ஷூவோடு ஏறியது அண்ணனுக்கு ஞாபகம் இருக்கிறது. இரும்பு மூக்கு வைத்த அந்த ஜோடி ஒரு கிலோவுக்கு மேல் வரும். இந்த வருடம் ஷூவைக் கழற்றி, பெல்ட்டை உருவி, பர்ஸையும் ஐ.டி. கார்டையும் பின்னால் நிற்பவர் கையில் கொடுத்துவிட்டு ஏறுகிறார். ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறது. அன்று சாயங்காலம் பஸ்ஸில், அது கொள்ளு ரசத்தின் கணக்கில் எழுதப்படுகிறது.