ஒத்தக்குழல் வாங்கப் போற மாப்ளைக்கு

வாரும் மாப்ளே, உக்காரும். பழைய ஒத்தக்குழல் துப்பாக்கி ஒண்ணு விலைக்கு வருதாமே? பெர்மிங்காம் சரக்காம், ஜமீன் வீட்டுச் சாமானாம். சந்தோஷம். நம்ம மலையடிவாரத்துல விலைக்கு வர்ற துப்பாக்கி எல்லாமே ஜமீன் வீட்டுதுதான். ஒவ்வொண்ணும் சிறுத்தை அடிச்சதுதான். விக்கிறவங்க சொல்ற கணக்கைக் கூட்டினா, இந்த மலையில இருந்த மரத்தை விடச் சிறுத்தை ஜாஸ்தி.

கதை கேட்டாச்சுல்லா? இனி குழலைப் பாரும். முதல்ல மடக்கித் திறந்து, உள்ளே தோட்டா இருக்கான்னு கண்ணால பார்த்து விரலாலயும் தடவும். காலின்னு மாமன் நானே சொன்னாலும் நம்பாதேயும். பொறவு குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சா, உள்ளே நிழல் வளையம் வளையமா விழும். வளையம் கோணுற இடத்துல நெளிவோ புடைப்போ இருக்கு. பரண்ல கிடந்த குழல்ல குளவி கூடு கட்டும். அதைப் பார்க்காம சுட்ட மகராசன் வச்சிட்டுப் போன சீதனம்தான் அந்தப் புடைப்பு. மேலே எண்ணெய் பளபளக்குதேன்னு மயங்காதேயும். கரிமருந்து உள்ளே அரிச்ச குழியை எந்த எண்ணெயும் மூடாது.

அடுத்தது கீல். முன்கட்டையைக் கழட்டி, குழலை மூடிட்டு ஆட்டிப் பாரும். எங்க ஆத்தா கடைவாய்ப்பல்லு மாதிரி ஆடிச்சுன்னா கும்பிட்டுட்டு வந்துரும். குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தி, பெருவிரலால தள்ளும். விழுந்தா அதுவும் வேண்டாம். கட்டையோட கழுத்துல முடிவிரிசல் இருக்கான்னு நகத்தால கீறிப் பாரும்.

இனிதான் உம்மை மாதிரி படிச்சவங்க ஏமாறுற இடம். பன்னெண்டு போர்னா எல்லாம் ஒண்ணுன்னு நினைப்பு! பழைய இங்கிலீஷ் துப்பாக்கி பலதுல தோட்டா அறை ரெண்டரை இஞ்சு, 65 மில்லிமீட்டர்னு சொல்ற அளவு. இப்போ கடையில கிடைக்கிறது பெரும்பாலும் 70. அந்தத் தோட்டா உள்ளே போகாதுன்னு நினைச்சீரா? வழுக்கிட்டுப் போகும். வம்பே அதுதான். வெடிக்கும்போது மடிச்ச வாய் விரிய இடமில்லாம அழுத்தம் எகிறும். குழலுக்கு அடியில முத்திரையைத் தேடும். பெர்மிங்காம்ல 1813-லயே குழலைச் சோதிச்சு முத்திரை குத்த ஆபீசு வந்தாச்சு. கிரீடத்துக்குக் கீழே ‘என்.பி.’ (நைட்ரோ புரூஃப், அதாவது புகையில்லா மருந்துக்குச் சோதிச்ச அடையாளம்) எழுத்து இல்லைன்னா, இந்தக் காலத்துத் தோட்டாவை அதுகிட்ட காட்டவே காட்டாதேயும்.

இம்புட்டும் சரியா இருந்தாலும் காயிதம் சரியா இருக்கணும். 1959 ஆயுதச் சட்டப்படி வாங்குற உமக்கு முதல்ல லைசென்ஸ் வேணும். விக்கிறவர் கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் பொறுக்கணும். ராத்திரியோட ராத்திரியா கோணிச்சாக்குல சுத்திக் கொடுத்தா, விடியும்போது உம்மையும் சுத்திக் கொண்டு போவாங்க. தேர்தல் வந்தா வேற, துப்பாக்கி ஸ்டேஷனுக்கு விருந்தாடப் போயிரும்.

அப்புறம் வேட்டை. 1972 வனவிலங்குச் சட்டப்படி இப்போ முயலைக் குறிவச்சாலும் முதல்ல மாட்டுறது நீருதான். பன்னி வாழையைத் தோண்டுதேன்னு அழுதா, வனத்துறைகிட்ட மனு கொடும்.

“அப்போ துப்பாக்கி எதுக்கு மாமா?”ன்னு கேக்கீரா? வந்ததுல இருந்து நானும் அதைத்தான மாப்ளே கேக்க நினைச்சேன்!

ஆசை அடங்கலைன்னா, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்காரர்கிட்ட காட்டி, அவர் சரின்னு சொன்ன பொறவு பணத்தை எண்ணும். அதுவரைக்கும் ஒரு தோட்டாகூட போட்டுப் பார்க்காதேயும். பன்னிக்குத்தான்னா, அந்தக் காசுக்குச் சோலார் வேலி போடும். அதுக்கு ‘என்.பி.’ முத்திரை தேட வேண்டாம்.