குழாயா, பாட்டிலா?

கேள்வி: பாட்டில் தண்ணீர்தான் சுத்தம் என்கிறாள் மருமகள். குழாய்த் தண்ணீரே போதும் என்கிறேன் நான். நீங்கள் யார் கட்சி?

பாட்டிலுக்குள் இருப்பதே குழாய்த் தண்ணீராக இருந்தால், யார் கட்சியில் சேருவது? 2004-ல் இங்கிலாந்தில் கோகோ கோலா 'டசானி' என்று விற்றது, லண்டன் பக்கம் சிட்கப் ஊர்க் குழாய்த் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான். பிறகு சேர்த்த கால்சியம் உப்பில் புரோமைடு இருந்தது. அந்தத் தண்ணீரில் ஓசோன் செலுத்தியதும் புரோமேட் உண்டாகி, அனுமதித்த அளவைத் தாண்டியது. சுமார் 5 லட்சம் பாட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள். குழாயில் இல்லாத கோளாறு, பாட்டிலுக்குப் போகும் வழியில் வந்தது!

ஆனால் மருமகளையும் லேசாக எண்ணாதீர்கள். ஊரிலிருந்து நல்ல தண்ணீரே வந்தாலும், உங்கள் மொட்டைமாடித் தொட்டியில் தங்கித்தானே இறங்குகிறது? அதைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்?

கேள்வி: கோவைக்காரர்கள் சிறுவாணி, சிறுவாணி என்று அலட்டுகிறார்களே, அந்தத் தண்ணீரில் அப்படியென்ன ருசி?

மலைக்காட்டு மழை, உப்பு ஏற நேரமில்லாமல் இறங்கி வருகிறது. அலட்டட்டும், தகும். சிறுவாணி அணை இருப்பது என்னவோ கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில். கொஞ்சம் பெருமையை அந்தப் பக்கத்துக் காட்டுக்கும் கொடுக்கலாம்.