பழைய கார்களின் கூரைத்துணித் தொய்வும் அதன் மீட்பும்: ஓர் ஆய்வு

சங்ககாலத் தேர்களைப் பற்றி ஆய்வேடுகள் உண்டு. தேர்ச் சக்கரம், தேர்க்கொடி, தேரை இழுத்த குதிரை என்று பிரித்துப் பிரித்துப் பட்டம் வாங்கியவர்களும் உண்டு. ஆனால் பதினைந்து வயதைக் கடந்த ஒரு காரில், ஓட்டுபவரின் உச்சந்தலைக்கும் தகரத்துக்கும் நடுவே கிடக்கும் துணிக்கு ஓர் இயல் ஒதுக்க யாருக்கும் மனம் வரவில்லை. வழிகாட்டிப் பேராசிரியர் கிடைப்பதே கடினம். கிடைத்தாலும் அவர் காரிலும் துணி தொங்கிக்கொண்டிருக்கும். ஆய்வு நடுநிலையாக இராது. இக்கட்டுரை அக்குறையைப் போக்க எழுந்தது.

முதலில் ஆய்வு எல்லை. பட்டறைகளில் ரூஃப் லைனிங் எனப்படும் இப்பொருள் இரு குலங்களாகப் பிரியும். 2014ல் உத்தர்பாராவில் உற்பத்தி நின்ற அம்பாசடர் பழைய குலத்தைச் சேர்ந்தது. அதில் துணியின் முதுகுப்புறம் வரிசையாக நாடா தைத்து, அதற்குள் கம்பிகளைச் செருகி, கம்பிகளின் நுனியைக் கூரையின் இருபக்க விளிம்பில் மாட்டியிருப்பார்கள். பசைக்கு விளிம்புகளில் மட்டுமே வேலை. இந்தத் துணி அழுக்காகும், கிழியும், வெற்றிலைக் கறை ஏறும். ஆனால் மொத்தமாக வந்து மண்டையில் உட்காராது. எனவே அக்குலம் இவ்வாய்வுக்கு அப்பாற்பட்டது.

புதிய குலத்துக்குக் கம்பி கிடையாது. கூரையின் வளைவுக்கு ஏற்ப அச்சில் அழுத்திய ஒரு பெரிய அட்டை. அதன்மேல் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஃபோம். ஃபோமோடு சேர்ந்தே வரும் மெல்லிய பின்னல் துணி. தொழிற்சாலையில் இதை ஒரே துண்டாகத் தூக்கி மாட்டிவிடலாம். விரல் வைத்தால் மெத்தென்று இருக்கும், இரைச்சலையும் கொஞ்சம் விழுங்கும். எல்லாருக்கும் லாபம். நட்டம் முழுவதும் அந்த 3 மில்லிமீட்டருக்குள் ஒளிந்திருக்கிறது. வெளியே வர அது சில வருடங்கள் எடுத்துக்கொள்ளும்.

தொய்வு என்பது மலிவான வண்டிகளின் நோய் என்ற கருதுகோளை இங்கேயே தள்ளிவிடலாம். சுவீடனின் சாப் 900, இங்கிலாந்தின் ஜாகுவார் எக்ஸ்.ஜே.எஸ். இரண்டும் இந்த நோய்க்குப் பேர்போனவை. வால்வோ 240 இன்னும் நல்ல சான்று. 1974 முதல் 1993 வரை தயாரான அந்த வண்டி, பாதுகாப்புக்கென்றே உலகப் புகழ் பெற்றது. எதன்மேல் மோதினாலும் உள்ளிருப்பவரைக் காப்பாற்றும் என்று பெயர் வாங்கிய அதே வண்டி, தன் கூரைத் துணியிடமிருந்து மட்டும் அவரைக் காப்பாற்றவில்லை.

தமிழ் இலக்கிய வரலாற்றைக் காலப்பகுப்பு இல்லாமல் எழுத முடியாது. தொய்வின் வரலாற்றையும் அப்படியே. அது மூன்று காலங்களாகப் பகுக்கத்தக்கது.

முதலாவது ஐயுறு காலம். பின்கண்ணாடிக்கு அருகே உள்ளங்கை அகலத்தில் ஒரு புடைப்பு தோன்றும். உரிமையாளர் விரலால் அழுத்துவார், ஒட்டிக்கொள்ளும். மறுநாள் மத்தியானம் பார்த்தால் பழையபடி இறங்கியிருக்கும். இக்காலத்தில் வீட்டில் யாரிடமும் சொல்வதில்லை.

இரண்டாவது தொய்வுறு காலம். ரூஃப் லைட்டைச் சுற்றித் துணி கீழிறங்க, லைட் மட்டும் ஒரு பள்ளத்தின் ஆழத்திலிருந்து எரியும். கண்ணாடியை இறக்கிவிட்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் துணி படபடக்கத் தொடங்கும். பின்சீட்டிலிருந்து மாமியார், “என்ன மாப்ளே, மேல ஏதோ அடிச்சுக்குதே?” என்று கேட்பது இக்காலத்தின் முதன்மைச் சான்றாதாரம். “காத்துதான் அத்தை” என்பது வழக்கமான உரை.

மூன்றாவது தலையுறு காலம். நடுக்கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் தெரியாது, துணிதான் தெரியும். உயரமானவர்கள் ஒரு கையால் துணியைத் தாங்கியபடி பேசுவார்கள். வெள்ளைச் சட்டையின் தோளில் மஞ்சள்தூள் சிந்தினாற்போல் ஒரு பொடி விழும்; கையால் தட்டினால் போகாது, பிசுபிசுவென்று இழுபடும். அறிவியல் நுழைய வேண்டிய இடம் இந்தப் பொடிதான்.

தொய்வின் காரணம் குறித்து மக்களிடையே ஒருமித்த கருத்து நிலவுகிறது: “பசை விட்டுடுச்சு.” பெட்ரோல் பங்க் தொடங்கிக் கல்யாண வீட்டு வாசல்வரை இதற்கு மறுப்பே இல்லை. இக்கட்டுரை அக்கருத்தை மறுக்கிறது. தொங்கும் துணியின் ஒரு மூலையை மெல்ல இழுத்துப் பார்த்தால் போதும். துணியின் முதுகிலும் பொடி இருக்கும், அட்டையின் முகத்திலும் பொடி இருக்கும். பசையோ அட்டையில் தன் இடத்தில் கெட்டியாகப் பிடித்தபடி இருக்கும். அறுந்துபோனது நடுவில் இருந்த ஃபோம். இத்தனை வருடங்களாகப் பசைமேல் சுமத்தப்பட்ட பழி முழுக்க அபாண்டம்.

ஃபோமின் பூர்வீகம் ஜெர்மனி. 1937ல் லெவர்குசனில் ஓட்டோ பேயர் என்ற வேதியியலாளரும் அவருடைய குழுவினரும் பாலியூரித்தேனைக் கண்டறிந்தார்கள். (பேயர் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை பார்த்த பேயர்தான், ஆனால் கம்பெனியைத் தொடங்கிய பேயர் குடும்பத்துக்கும் இவருக்கும் உறவு கிடையாது. பெயர் ஒற்றுமையை வைத்து வாரிசு அரசியல் பேச வேண்டாம்.) மெத்தை, சோபா, ஷூவின் அடிப்பாகம், கார் கூரை என்று பிற்பாடு எங்கும் புகுந்தது அவர்கள் கண்ட பொருள்தான். அதன் ஃபோமில் இருவகை உண்டு. எஸ்டர் வகை ஈரக்காற்றில் உள்ள தண்ணீரால் மெல்ல மெல்ல அறுபடும். ஈதர் வகை ஈரத்தைத் தாங்கும். ஆனால் வெளிச்சமும் வெப்பமும் சேர்ந்தால் ஆக்சிஜனிடம் தோற்றுவிடும். சென்னைக்காரரின் வண்டியில் எந்த வகை இருந்தாலும் கவலையில்லை. நவம்பர் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும், மே மாதம் மற்றொன்றை.

வெப்பத்தின் அளவுக்கு அமெரிக்காவில் கணக்கே எடுத்திருக்கிறார்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் டெம்பி நகரத்துக் கோடையில் கார்களை வெயிலில் நிறுத்தி அளந்து, 2018ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே இருக்கும் காற்று சராசரியாக 47 டிகிரி செல்சியஸ். டேஷ்போர்டு 69 டிகிரி. டேஷ்போர்டுக்காவது கண்ணாடி வழியாக வரும் வெயில்தான். கூரை அட்டைக்கு ஒரு விரற்கடை மேலே காய்ந்த தகரமே இருக்கிறது.

ஓட்டாமல் நிழலில் வைத்திருந்தால் தப்பலாம் என்பதும் பொய். பரணில் அட்டைப்பெட்டியோடு பத்திரமாக வைத்த ஷூவை எட்டு வருடம் கழித்து எடுத்துப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பினால், வாசற்படியிலேயே அடிப்பாகம் தனியே கழன்று நின்றுவிடுகிறதல்லவா, அதுவும் இதே வேதிவினைதான். அருங்காட்சியகங்களில் உள்ள ஃபோம் நாற்காலிகளுக்கும் சிற்பங்களுக்கும் இதே கதி. அவற்றைக் காப்பாற்றுவது எப்படி என்று நெதர்லாந்தின் தேயா வான் ஊஸ்டன் 2011ல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். கார் கூரை ஆய்வை அற்பம் என்று நகைப்போர் அதைப் புரட்டிப் பார்க்கலாம்.

இனிச் சிகிச்சை. இதில் மூன்று பள்ளிகள் உள்ளன. குண்டூசிப் பள்ளியினர் தம்ப் பின், சேஃப்டி பின், ஸ்டேப்ளர் ஆகியவற்றைக் கொண்டு துணியை அட்டையில் தைப்பர். சில வண்டிகளில் இது கட்டம் கட்டமாக, கோலத்துக்குப் புள்ளி வைத்த நேர்த்தியோடு இருக்கும். அழகைப் பாராட்டலாம், திடீர் பிரேக்கில் ஊசி எங்கே போகும் என்பதையும் யோசிக்கலாம். நீராவிப் பள்ளியினர் இஸ்திரிப்பெட்டியால் ஆவி பிடிப்பர். ஈரத்தால் செத்த பொருளுக்கு மேலும் ஈரம் ஊட்டும் வைத்தியம் அது. மூன்றாவது ஊசிமருந்துப் பள்ளி. சென்னை ஜி.பி. ரோட்டு சீட் கவர் கடைகளில் இப்பள்ளியைக் குறித்த வாதம் பெரும்பாலும் இப்படிப் போகும்:

“அண்ணே, சிரிஞ்சுல பசையை ஏத்தித் துணிக்குள்ள விட்டா நிக்காதா?”

“நிக்கும் சார். அடுத்த வெயில் வரைக்கும் நிக்கும். அப்புறம் கறையோட சேர்ந்து எறங்கும்.”

பொடிமேல் ஊற்றிய பசை பொடியைத்தான் ஒட்டும். கடைக்காரர் இதை எஸ்டர், ஈதர் எதுவும் படிக்காமலேயே அறிந்திருக்கிறார். ஆக, அட்டையைக் கழற்றிக் கீழே இறக்கிப் பழைய ஃபோமை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுத்துணி ஒட்டுவது ஒன்றே சாத்திர சம்மதமான வழி. அதை வீட்டிலேயே செய்யலாம், ஒரு விலக்கோடு: கூரை ஓரத்தில் திரை ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால் அந்தப் பக்கம் கை வைக்காமல் தெரிந்தவரிடம் விட்டுவிட வேண்டும்.

கழற்றுதல் எளிது. பேட்டரி வயரை எடுத்துவிட வேண்டும். பிறகு சன் வைசர், கைப்பிடிகள், ரூஃப் லைட், கதவோரத்து பீடிங், தூண்களின் பிளாஸ்டிக் மூடிகள். பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் தொட்டாலே உடையும். புதுப்பேட்டையிலோ வேறெங்கோ முன்கூட்டியே ஒரு பிடி கிளிப்பு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. முன்சீட்டுகளை முழுக்கச் சாய்த்துவிட்டு, இருவர் சேர்ந்து அட்டையைக் கதவு வழியாகவோ டிக்கி வழியாகவோ வெளியே எடுக்க வேண்டும். மடக்கவே கூடாது. அட்டையில் விழுந்த மடிப்பு எத்தனை துணி போர்த்தினாலும் மறையாது.

மொட்டைமாடியில் கிடத்தி, முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு சுரண்டுவது இரண்டாம் கட்டம். வேலையில் முக்கால் பங்கு இதுதான், கெடுவதும் இங்கேதான். கம்பி பிரஷ் அட்டையையே கிழித்துவிடும். நைலான் பிரஷ் போதும். வியர்வை பட்ட கையில் பொடி அப்பிக்கொள்ளும், புருவத்தில் ஏறும், துடைக்கப் போனால் இழுபடும். முக்கால்வாசி வந்துவிட்டதே, மீதியைப் பசை பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் தோன்றும் நேரத்தில் டீ குடிக்கப் போய்விட்டு, திரும்பி வந்து மறுபடியும் சுரண்ட வேண்டும். உள்ளங்கையால் தடவினால் வெறும் அட்டை மட்டும் கையில் பட வேண்டும், பொடி ஒட்டக் கூடாது.

துணி வாங்கும்போது ஃபோம் ஒட்டிய ரூஃப் துணிதான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஏறத்தாழ 1.5 மீட்டர் அகலத்தில் வரும். சின்னக் காருக்கு 2 மீட்டர் நீளம் போதும். குற்றவாளியான ஃபோமையே மறுபடி கூட்டிவருவானேன் என்று ஆய்வாளர்கள் கேட்கக்கூடும். ஃபோம் இல்லாத வெறும் துணியை ஒட்டினால் அட்டையின் மேடுபள்ளம் அத்தனையும் முகத்தில் தெரியும், பசையும் ஊறி வெளியே திட்டாகும். எனவே குற்றவாளிக்கு இன்னொரு பத்துப் பதினைந்து வருடம் ஜாமீன் கொடுப்பதைத் தவிர வழியில்லை.

பசை, குஷன் கடைக்காரர்கள் வைத்திருக்கும் ஃபெவிகால் எஸ்.ஆர். போன்ற ரப்பர் பசை. மர வேலைக்கான வெள்ளை ஃபெவிகால் உதவாது. வாங்கும்போது வெப்பம் தாங்குமா என்று கேட்க வேண்டும். இந்த வகைப் பசையை அட்டையிலும் துணியின் முதுகிலும் மெல்லியதாகப் பூசிவிட்டுக் காத்திருக்க வேண்டும். விரலின் பின்புறத்தால் தொட்டால் ஈரம் தெரியக் கூடாது, இழை இழுக்கக் கூடாது; அதுதான் பதம். ஆவி தீப்பற்றும், பக்கத்தில் சிகரெட் ஆகாது. பதம் வந்தபின் இரண்டும் தொட்டுக்கொண்டால் தொட்டதுதான். நகர்த்திச் சரிசெய்ய நினைத்தால் ஃபோம் பிய்ந்து வரும்.

ஆகவே துணியைப் பாதியாக மடித்து வைத்து, ஒரு பாதியை ஒட்டி முடித்துவிட்டு மறுபாதிக்குப் பசை பூச வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, உள்ளங்கையால், அழுத்தாமல் தடவிக்கொண்டே போக வேண்டும். சன் வைசர் உட்காரும் குழிகளில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். துணியை விறைப்பாக இழுத்துக் குழிக்கு மேலே பாலம் கட்டிவிடுவார்கள். ஒட்டிய அன்று அழகாகத் தெரியும், அடுத்த தொய்வு அங்கேதான் முதலில் தொடங்கும். குழிக்குள் துணியைத் தளர்வாக விட்டு, விரல் நுனியால் அடிவரை இறக்கி ஒட்ட வேண்டும். ஓரங்களை இரண்டு விரல் அகலம் பின்னால் மடித்து ஒட்டி, ஒரு நாள் முழுக்க நிழலில் விட்டுவிடலாம். லைட், கைப்பிடி ஓட்டைகளுக்குப் பிளேடால் பெருக்கல் குறியாகச் சின்னக் கீறல் போதும்.

மாட்டுவது கழற்றியதற்கு நேர் எதிர் வரிசை. கைகளைக் கழுவிவிட்டுத் தொடுங்கள், வெளிர்நிறத் துணியில் விரல் தடம் விழும். கடைசிக் கிளிப்பையும் தட்டி உட்காரவைக்கும் முன் ஒரு நிமிடம் நின்று, ரூஃப் லைட்டின் வயரை அதன் ஓட்டை வழியே கீழே இழுத்துவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.